மூச்சு நின்ற தொட்டி

கலைமகள் அம்மாவோடு பேசி மூன்று வாரம் ஆகிவிட்டது.

அப்பா போன பிறகு பதினோரு வருடம் அருள்புரத்துச் சாயப்பட்டறையைத் தனியாளாகக் கட்டிக் காத்தவள் பொன்னாத்தாள். அவளுக்கு ஒரே மகள். பட்டறை தன் கைக்குத்தான் வரும் என்று கலைமகள் நம்பியிருந்தாள். நுண்ணுயிரியல் படித்தவள், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒன்பது வருடமாக லேப் இன்சார்ஜ். சாயத் தண்ணீரைப் பற்றி அவளுக்குத் தெரியாதது அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சாமி படத்துக்குச் சூடம் காட்டிவிட்டு, பொன்னாத்தாள் சாவிக்கொத்தை எடுத்து மருமகன் தரணியின் கையில் வைத்தாள். நூல் ஏஜென்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தரணி அன்றே பட்டறைக்கு முதலாளி ஆனான்.

'ஏன்' என்று கலைமகள் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

அன்று காலை ஆறரை மணிக்கு அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தபோது, தரணி சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"இன்னைக்கு லீவு போட்டுரு கலை."

"எதுக்குங்க?"

"கிருத்திகை. சிவன்மலைக்குப் போயிட்டு வரலாம். ரெண்டு பேரும் சேந்து போயி நெம்ப நாளாச்சு."

சாவி வாங்கிய நாளிலிருந்து அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதே இல்லை. இன்றும் பார்க்கவில்லைதான். ஆனாலும் அவளுக்கு உள்ளுக்குள் எதுவோ இளகியது. மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதன் கோயிலுக்குக் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள்.

"சரிங்க. ஆபீஸுக்குச் சொல்லீர்றேன்" என்று செல்போனை எடுத்தாள். அவள் அழைப்பதற்கு முன்பே அது அடித்தது.

"மேடம், வீரணன் பேசுறேன்." இரவுப் பணி ஆள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, ஆறு வருடமாகத் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர். "தொட்டில என்னமோ சரியில்ல மேடம். நுரை வெள்ளை வெளேர்னு கைப்பிடிக் கம்பிக்கு மேல வந்து நிக்குது. ஆனா ஆக்சிஜன் மட்டும் நல்லாக் காட்டுது."

"எவ்வளவு காட்டுது?"

"ஆறு மேடம். எப்பவும் ரெண்டுதான இருக்கும்?"

கலைமகள் டிபன் பாக்ஸை மேடைமேலேயே விட்டுவிட்டாள். வண்டிச் சாவியை எடுத்தாள்.

"அங்க வேற ஆளே இல்லியா? நீ போயித்தான் ஆகோணுமா?" தரணி குரலை உயர்த்தினான். அவன் அப்படிக் குரல் உயர்த்துகிறவன் இல்லை. அதை யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை.

* * *

பதினெட்டுப் பட்டறைகளின் சாயத் தண்ணீர் குழாய் வழியாக அந்த நிலையத்துக்கு வருகிறது. முதலில் சுண்ணாம்பும் மருந்தும் போட்டுச் சாயத்தைப் படிய வைப்பார்கள். அப்படியும் படியாமல் தண்ணீரில் கரைந்து நிற்கும் அழுக்கை எந்த மருந்தாலும் முழுதாக எடுக்க முடியாது. அதை உயிர்கள்தான் தின்ன வேண்டும். பெரிய தொட்டியில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை மூச்சு விட இரவும் பகலும் புளோயர் வைத்துக் காற்று ஊதுவார்கள். ஊதுகிற காற்றை அவை இழுத்துக்கொள்வதால்தான் மீட்டரில் இரண்டு காட்டும்.

ஆறு காட்டுகிறது என்றால் மூச்சு விட ஆள் இல்லை. வீட்டில் பானைச் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்து மிச்சம் என்று சந்தோஷப்பட முடியுமா?

கலைமகள் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். தினமும் காலையில் அவள் பார்க்கும் காட்சி அது. காம்பில் பூத்த மணி மாதிரி சில உயிர்கள் உண்டு. காம்பைச் சுருக்குவதும் விரிப்பதுமாகத் துடித்துக்கொண்டே இருக்கும். பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு முதலில் அவற்றைத்தான் காட்டுவாள்.

இன்று ஒன்றுகூட அசையவில்லை. மணிகள் காம்பிலிருந்து கழன்று கிடந்தன.

எட்டு மணிக்கு ஞானசம்பந்தம் வந்தார். நிலையத்தின் செயலாளர். அவருக்கும் ஒரு பட்டறை உண்டு. நெற்றியில் பட்டையாக விபூதி, கையில் மூன்று செல்போன்.

"நிறுத்தித்தான் ஆகோணுமா அம்மிணி?"

"நிறுத்தோணுங்க. பதினெட்டுப் பட்டறையும். இந்தத் தண்ணி அடுத்த கட்டத்துக்குப் போனா மெம்ப்ரேன் வடிகட்டி எல்லாம் அடைச்சுப் போயிருமுங்க. வேற தொட்டில இருந்து உயிருள்ள சேறு கொண்டாந்து ஊத்தி, சாணி, வெல்லம் போட்டு மறுபடி வளத்தோணும். பதினஞ்சு நாள் ஆகுமுங்க, குறைஞ்சது."

"பதினஞ்சு நாளா!" அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சற்று யோசித்துவிட்டு வீரணன் பக்கம் திரும்பினார். "ஏப்பா, ராத்திரி புளோயரை ஆப் பண்ணீட்டுப் படுத்துட்டியா?"

"ஐயா, சத்தியமா இல்லய்யா. ஒரு நிமிசம் கண்ணசரலய்யா."

"புளோயர் நின்னிருந்தா ஆக்சிஜன் ஜீரோவுக்குப் போயிருக்குமுங்க" என்று கலைமகள் இடைமறித்தாள். "இது வேற. யாரோ விஷத்தை விட்டிருக்காங்க. கிருமிநாசினி மாதிரி ஒண்ணு. அதான் உசுரு போயிருச்சு, ஆக்சிஜன் மட்டும் நிக்குது."

ஞானசம்பந்தம் அதை மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

* * *

ஒவ்வொரு பட்டறையின் தண்ணீரும் பொதுக் குழாயில் சேரும் இடத்தில் மூடி போட்ட ஒரு சேம்பர் உண்டு. விஷம் ஓடிப் போயிருந்தாலும் சேம்பர் அடியில் தங்கிய சேற்றில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். கலைமகளும் வீரணனும் வண்டியில் போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து சேறு அள்ளினார்கள். பதினெட்டுப் பாட்டில். பட்டறைப் பெயர் எழுதாமல் எண் மட்டும் எழுதினாள். பெயர் தெரிந்தால் கண் ஏமாற்றிவிடும் என்று அவளுக்குப் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எந்த எண் எந்தப் பட்டறை என்பதை வீரணன் தனியாக ஒரு தாளில் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நிலையத்தின் கழிவறைத் தண்ணீருக்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி இருந்தது. அதில் உயிர்கள் பிழைத்திருந்தன. அதிலிருந்து ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு கரண்டி ஊற்றினாள். அரை மணி நேரம் காத்திருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

ஒன்றில் துடித்தன. இரண்டில் துடித்தன. மூன்றிலும்தான்.

நான்காவதில் எல்லாம் செத்துக் கிடந்தன. மிச்சப் பதினான்கையும் பார்த்தாள். எல்லாவற்றிலும் உயிர் இருந்தது. நான்காவதை மறுபடி செய்தாள். மறுபடியும் அதே சாவு.

"நாலு யாருது, வீரணன்?"

அவர் தாளை எடுத்தார், பார்த்தார், மடித்தார்.

"நீங்களே பாத்துக்கங்க மேடம்" என்று மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

* * *

அம்மாவின் பட்டறை வாசலில் நீல நிற டிரம்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவற்றின் மேல் ஒட்டியிருந்த லேபிளை ஒரு பீகார்ப் பையன் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தான். பாதி சுரண்டிய ஒரு லேபிளைக் கலைமகள் குனிந்து படித்தாள். குழந்தைகள் உள்ளாடைத் துணிக்குக் கடைசியில் ஏற்றும் மருந்து. கிருமி அண்டாத துணி வேண்டுமென்று வெளிநாட்டுக் கம்பெனி கேட்ட ஆர்டர். காலாவதியாகி நான்கு மாதம் ஆகியிருந்தது.

ஆபீஸ் அறையில் பொன்னாத்தாள் உட்கார்ந்திருந்தாள். கிருத்திகை விரதம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்பது உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. எதிரில் தரணி. கலைமகளைக் கண்டதும் எழுந்தான்.

"எத்தன டிரம்முங்க விட்டீங்க?" அவள் அவனைத்தான் கேட்டாள்.

அவன் மாமியாரைப் பார்த்தான்.

"பத்து" என்றாள் பொன்னாத்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு மகளிடம் அவள் பேசிய முதல் சொல் அது. "நாளைக்குத் துணி வாங்கற கம்பெனிக்காரங்க ஆடிட்டுக்கு வாராங்க. காலாவதியான டிரம்மு உள்ள இருந்தா ஆர்டரே கையை விட்டுப் போயிரும். நேத்து மத்தியானம் நான்தான் குழாயில தொறந்து விடச் சொன்னேன்."

"எந்தக் கையிங்க தொறந்துச்சு?"

தரணி தலையைக் குனிந்துகொண்டான்.

"அதனாலதான் லீவு போடச் சொன்னீங்களா? அதுக்குத்தான் சிவன்மலையா?"

"நான்தான் மாப்பிள்ளைகிட்டச் சொன்னேன்" என்றாள் அம்மா. "நீ அங்க இல்லாம இருந்தா உன்ற கையில எழுத வேண்டி வராதுன்னு. உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு."

கண்ணு என்ற சொல் கலைமகளை அடித்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். கோபம்தான் வந்தது.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே அம்மா. அந்த மருந்து களிமண் பொடியில ஒட்டிக்கும். அதைக் கலக்கிப் படிய வெச்சுட்டுத் தெளிஞ்சதைக் கொஞ்சங் கொஞ்சமா விட்டிருந்தா ஒரு உசுரும் போயிருக்காது. பத்து டிரம்மையும் எங்க நிலையத்துல வாங்கி வெச்சே செஞ்சு குடுத்திருப்பேன். ஒரே ஒரு வார்த்தைங்கம்மா!"

பொன்னாத்தாள் மகளைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"கேட்டா நீ செஞ்சு குடுத்துட்டு, அப்பறம் ஏன் காலாவதி ஆகற வரைக்கும் வெச்சிருந்தீங்கன்னு கேப்பே. அடுத்த வாட்டி இப்படி வாங்காதீங்கம்பே. எனக்குத் தெரியாதா உன்னை?" குரலில் கோபமே இல்லை. "சாவிய ஏன் உன்கிட்டக் குடுக்கலைன்னு மனசுல வெச்சுட்டு இருக்கறயே, அதுக்கும் இதான் பதில். உன்கிட்டக் குடுத்தா பட்டறை சுத்தமா இருக்கும். ஓடாது."

வெளியே லேபிள் சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இப்ப ஓடுதுங்களா?" என்றாள் கலைமகள். "பதினெட்டுப் பட்டறையும் நின்னு போச்சு. எத்தன சனம் நாளைக்கு வேலை இல்லாம நிக்கப்போகுதுன்னு தெரியுமா?"

"பதினஞ்சு நாள்தான? நிக்கட்டும். தண்ணி வத்துனப்ப நின்னமல்லோ. கொரோனாவுல நின்னமல்லோ." பொன்னாத்தாள் செல்போனைத் தரணியிடம் நீட்டினாள். "மாப்பிள்ள, செயலாளருக்குப் போன் போடுங்க. மூணு மணிக் கூட்டத்துக்கு நானும் வாரேன்."

* * *

மூன்று மணிக் கூட்டத்துக்குள் கலைமகள் அறிக்கையை எழுதி முடித்திருந்தாள். ஒன்றையும் மறைக்கவில்லை. நான்காம் எண் சேம்பர், பட்டறையின் பெயர், மருந்தின் பெயர், பத்து டிரம். கையெழுத்துப் போடும்போது மட்டும் ஒரு நொடி தயங்கினாள். தன் பெயருக்கு முன்னால் அவள் போடும் எழுத்து அப்பாவுடையது. பட்டறைக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான்.

ஞானசம்பந்தம் அதைப் படித்து முடித்தார். எதிரில் பொன்னாத்தாள் கை கட்டி உட்கார்ந்திருந்தாள். நிர்வாகக் குழுவின் மற்ற ஐந்து உறுப்பினர்களும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மிணி, நீ படிச்ச புள்ள. உன்ற மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஊரு என்ன பேசும்னு யோசிச்சயா?" அவர் குரல் தேன் மாதிரி இருந்தது. "பட்டறைய மருமகனுக்குக் குடுத்தாங்க. மூணு வாரமா நீங்க பேச்சுவார்த்தை இல்லைன்னு பல்லடம் வரைக்கும் தெரியும். இப்ப நீ பெத்த தாய் பட்டறை மேல எழுதிக் குடுத்தா, அது டெஸ்ட் ரிசல்ட்டுன்னா சொல்லுவாங்க? சொத்துத் தகராறுன்னுதான் சொல்லுவாங்க."

"பாட்டில் இருக்குதுங்க. யார் வேணும்னாலும் மறுபடி பாக்கட்டும்."

"பாத்தவ நீதான? பாட்டில்ல ஊத்துனவளும் நீதான?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவாவது ஏதாவது சொல்வாள், மகள் பொய் எழுத மாட்டாள் என்றாவது சொல்வாள் என்று அந்த நேரத்திலும் எதிர்பார்த்தாள். பொன்னாத்தாள் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

ஞானசம்பந்தம் வேறொரு தாளை எடுத்தார். ஏற்கெனவே டைப் செய்திருந்தது. இரவுப் பணியாளர் வீரணன், நுரை அடக்கும் மருந்து என்று நினைத்துக் கிருமிநாசினி டிரம்களைத் தவறுதலாகத் தொட்டியில் ஊற்றிவிட்டார்.

கலைமகள் இரண்டு முறை படித்தாள். புளோயர் நின்றது என்று எழுதியிருந்தால் எந்த ஆபீசரும் ஒரு நிமிடத்தில் பொய் என்று சொல்லிவிடுவார். இது அப்படி இல்லை. ஆக்சிஜன் ஆறு காட்டியதற்கும், உயிர்கள் செத்ததற்கும், நுரைக்கும் பொருத்தமாக இருந்தது. காலையில் வீரணனைக் காப்பாற்ற அவள் சொன்ன விளக்கம்தான் அது. அவள் வாயிலிருந்தே எடுத்து எழுதியிருந்தார்கள்.

வீரணனைக் கூப்பிட்டார்கள். அவர் நின்றபடியே தாளைப் படித்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க வீரணன். நான் இருக்கேன்" என்றாள் கலைமகள்.

கூட்டத்தில் பொன்னாத்தாள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். வீரணனைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "ஒச்சாயி நல்லா இருக்குதுங்களா? செக்கிங்குல நெம்ப நல்ல வேலைக்காரின்னு சூப்பர்வைசர் சொன்னாரு."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. வீரணன் பேனாவை எடுத்தார்.

"நீங்க எழுதுனதுதான் நெசம் மேடம்" என்றார், கலைமகளைப் பார்க்காமல். "ஆனா எம் பொஞ்சாதி இவங்க பட்டறைலதான வேலைக்குப் போகுது. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வேலை போச்சுன்னா உசிலம்பட்டிக்குத்தான் பஸ் ஏறணும். அங்க என்ன இருக்கு எங்களுக்கு?"

கோணல் எழுத்தில் கையெழுத்துப் போட்டார். நாளைக் காலை பத்து மணிக்கு அவருக்குப் பணிநீக்க உத்தரவு கொடுப்பது என்று முடிவானது. கலைமகளைப் பற்றி எந்த முடிவும் இல்லை. தொட்டியைப் பிழைக்க வைக்க அவளை விட்டால் ஆள் கிடையாது.

* * *

பொழுது சாய்கிற நேரத்தில் தொட்டிக் கரையில் சாணி மூட்டைகள் வந்து இறங்கின. பொங்கலூர்த் தோட்டங்களிலிருந்து டிராக்டரில் வந்தவை. வெல்லத்தை டிரம்மில் கரைத்துக்கொண்டிருந்தார்கள். சேவூர்ப் பக்கம் ஒரு பால் கம்பெனியின் தொட்டியிலிருந்து உயிருள்ள சேறு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை எடுத்துவர டேங்கர் லாரி வாசலில் நின்றது. சேறு நல்லதா கெட்டதா என்று நேரில் பார்த்து எடுக்க வேண்டும். கலைமகள் போகத் தயாரானாள்.

மூட்டை பிரித்துக்கொண்டிருந்தவர்களில் வீரணனும் இருந்தார். முழங்கை வரை சாணி.

"நீங்க எதுக்கு வீரணன் இன்னும்? வீட்டுக்குப் போங்க. ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கீங்க."

"நாளைக்குப் பத்து மணி வரைக்கும் நான் இங்க வேலையாளுதான மேடம்?" கையைக் கழுவிக்கொண்டு போய் லாரியில் ஏறி உட்கார்ந்தார். "நல்ல சேறு மண்வாசம் அடிக்கும். எனக்கு மூக்குலயே தெரியும்."

அப்போதுதான் தரணி வந்தான். கையில் டிபன் கேரியர். காலையில் அவள் மூடி வைத்துவிட்டு மறந்துபோன சாப்பாட்டைச் சூடு பண்ணிக் கொண்டுவந்திருந்தான்.

"நீ ஒண்ணும் சாப்புடலைன்னு தெரியும்" என்றான்.

அந்தப் பரிவு உண்மையானது என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. பத்து வருடமாக அவளுக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடிய உட்கார்ந்திருப்பவன். நேற்று மத்தியானம் டிரம்களைத் திறந்துவிட்டு வந்து, இரவு அவளுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியவனும் அவன்தான்.

"ஏனுங்க" என்றாள். "நான் சொன்னதைச் சொத்துத் தகராறுன்னு ஒதுக்கீட்டாங்க. வீரணன் வாயைக் கட்டீட்டாங்க. இனி உண்மை சொல்லக்கூடிய ஆளு ஒருத்தருதான் இருக்கறாரு. நீங்க. டிரம்மைத் தொறந்தது நான்தான்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீங்கன்னா யாராலயும் மறுக்க முடியாது. ஒரு குடும்பம் பொழைக்கும்."

தரணி தொட்டியைப் பார்த்தான். புளோயர் காற்றை ஊதிக்கொண்டே இருந்தது. வெள்ளை நுரை ஏறி ஏறிக் கரையில் வழிந்தது.

அவன் முகத்தில் ஒரு வேதனை ஓடியது. அவள் அதைப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் சரி என்று சொல்லிவிடுவான் போலிருந்தது.

"அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் கலை."

அவள் கேரியரை வாங்கவில்லை.

"கேளுங்க" என்றாள். "பத்து மணிக்குள்ள கேட்டுருங்க."

லாரியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். டிரைவர் வண்டியைத் திருப்பினார். வாசல் தாண்டும்போது பக்கக் கண்ணாடியில் தரணி தெரிந்தான். கேரியரைத் தொட்டிச் சுவர் மேல் வைத்துவிட்டு, செல்போனைக் காதில் வைத்திருந்தான். மறுமுனையில் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.